புல்லட் இளைக்குமா?
எதைக் கழற்றலாம், எதைத் தொடக் கூடாது?

பொதட்டூர்பேட்டை, தறிகளின் ஊர். தெருவில் நடந்தால் ஒரு பக்கம் விசைத்தறி ‘சடக், சடக்’ என்கிறது. இன்னொரு பக்கம் புல்லட் மோட்டார் சைக்கிள் ‘டப், டப்’ என்கிறது. இரண்டும் போட்டி போட்டுக்கொண்டு ஊரை எழுப்புகின்றன.

பிள்ளை வேலைக்குப் போய்க் கையில் காசு பார்த்ததும் ஆசைப்படுவது புல்லட்டுக்குத்தான். தவணை கட்டி வாங்கியும் விடுகிறான். ஆறு மாதம் போகட்டும். அவனே மெக்கானிக் பட்டறையில் வந்து நிற்பான்.

“அண்ணே, வண்டி ரொம்பக் கனமா இருக்கு. எதையாவது கழட்டி விடுங்கண்ணே!”

கனமான வண்டி வேண்டும் என்று வாங்கியவனும் அவன்தான். கனம் என்று அலுத்துக்கொள்பவனும் அவன்தான்!

ஆனாலும் அவன் குறை நியாயமானதே. தறிக்கொட்டகைகளுக்கு நடுவே உள்ள சந்தில் புல்லட்டைத் திருப்பி நிறுத்திப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலைப் பாதையில், பின்னால் மனைவியையும் நடுவில் குழந்தையையும் வைத்துக்கொண்டு, நெரிசலில் நின்று நின்று ஏறியவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

எடையைக் குறைக்கலாம். அதிகப் பணம் இல்லாமலும் குறைக்கலாம். ஆனால் நம் பிள்ளைகள் இந்தக் காரியத்தைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கழற்ற வேண்டியதை விட்டுவிடுகிறார்கள். தொடக் கூடாததை முதல் நாளே கழற்றி மூலையில் போடுகிறார்கள். அதனால்தான் இந்தக் கட்டுரை.

ஏன் இந்தக் கனம்?

புல்லட்டின் பூர்வீகம் இங்கிலாந்து. 1955-ம் ஆண்டு என்பீல்டு இந்தியா கம்பெனி தொடங்கியது. சென்னையை அடுத்த திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. நம் ராணுவத்துக்கு எல்லைக் காவலுக்கு வண்டி தேவைப்பட்டது. குண்டும் குழியுமான பாதையில் போக வேண்டும். சாமான் ஏற்ற வேண்டும். உடைந்தால் அங்கேயே சரிசெய்து ஓட்ட வேண்டும். ஆகவே எல்லாமே இரும்பு. மட்கார்டு இரும்பு, டாங்க் இரும்பு, ரிம் இரும்பு. அந்தக் காலத்து என்ஜினில் சிலிண்டர்கூட வார்ப்பு இரும்புதான்.

இங்கிலாந்தில் மூலக் கம்பெனி மூடப்பட்ட பிறகும் இங்கே வண்டி ஓடியது. என்ஜின் மாறியது. அலுமினியம் வந்தது. செல்ப் ஸ்டார்ட்டர், டிஸ்க் பிரேக், ஏ.பி.எஸ். எல்லாம் வந்தன. எடை மட்டும் இறங்கவில்லை. 2021-ல் புதிதாக வந்த கிளாசிக் 350 வண்டியின் எடை 195 கிலோ. 25 கிலோ அரிசி மூட்டை எட்டு அடுக்கினால் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு! நம் ஊரில் பாவும் துணி மூட்டையும் சுமக்கிற டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100 வண்டியோ 90 கிலோவைக்கூடத் தொடாது.

என்ஜினுக்குள் இருக்கும் பிளைவீலும் கனம்தான். அது தெரிந்தே வைத்த கனம். விசைத்தறியிலும் கனச் சக்கரம் இருக்கிறதல்லவா? நாடா அடிக்கும் அடியில் தறி தடுமாறாமல் இருக்க அது வேண்டும். புல்லட்டிலும் அதே கதைதான். நிதானமாக ‘டப், டப்’ என்று அடித்துக்கொண்டு, குறைந்த வேகத்திலும் நின்றுபோகாமல் ஓடுவது அந்தச் சக்கரத்தின் தயவால்தான். லேத்தில் கொடுத்து அதைக் கடைந்து இளைக்க வைக்கலாம் என்று யோசனை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கேட்காதீர்கள். சமனிலை கெட்டால் என்ஜின் உதறும். சந்து முனையில் நின்று நின்று போகும். ஆசையாய் வாங்கிய சத்தமும் போய்விடும்.

14 கிலோ கதை

இந்தக் கம்பெனிக்கு லேசான வண்டி செய்யத் தெரியாதா? நன்றாகத் தெரியும். இரண்டாவது உலகப் போரில் ராயல் என்பீல்டு கம்பெனி 125 சி.சி. வண்டி ஒன்றைச் செய்தது. அதன் எடை 60 கிலோவுக்கும் குறைவு. இரும்புக் கூண்டில் வைத்து, பாராசூட் கட்டி, விமானத்திலிருந்து தள்ளினார்கள். கீழே குதித்த சிப்பாய்கள் அதை எடுத்து ஓட்டிக்கொண்டு போனார்கள். அதற்கு வைத்த பெயர் ‘பறக்கும் தெள்ளுப்பூச்சி’! வேலி வந்தால் ஆள் தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிடலாம். பிறக்கும்போதே லேசாகப் பிறந்த வண்டி அது.

பெருத்துப் பிறந்த வண்டியைப் பிறகு இளைக்க வைப்பது வேறு கதை. 2022-ல் அதே ராயல் என்பீல்டு கம்பெனி, கிளாசிக்கில் உள்ள அதே 350 சி.சி. என்ஜின் குடும்பத்தை வைத்து ‘ஹண்டர்’ என்ற வண்டியைக் கொண்டுவந்தது. சக்கரத்தைச் சிறிதாக்கினார்கள். வண்டியின் நீளத்தைக் குறைத்தார்கள். மட்கார்டைச் சுருக்கினார்கள். பெரிய பெரிய என்ஜினீயர்கள் சேர்ந்து, புது வண்டியாகவே வரைந்து, கடைசியில் எவ்வளவு குறைத்தார்கள்? அந்த வண்டியின் எடை 181 கிலோ. ஆக, குறைந்தது 14 கிலோ.

ஒரு தொழிற்சாலையே திரண்டு 14 கிலோ குறைத்தது. பட்டறையில் ஒரு ஸ்பேனரும் ஒரு வெல்டிங் மிஷினும் வைத்துக்கொண்டு “முப்பது கிலோ குறைத்துத் தருகிறேன்” என்று யாராவது சொன்னால் என்ன செய்வது? சிரித்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட வேண்டியதுதான்.

சரி, 10 கிலோ குறைக்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். வண்டி 195. ஓட்டுபவர் 70. மொத்தம் 265. அதில் 10 போனால் நூற்றுக்கு நாலு பங்குகூட இல்லை. பின்னால் மனைவியும் உட்கார்ந்தால் நூற்றுக்கு மூன்று பங்கு. மலை ஏறும்போது அவ்வளவுதான் மிச்சம். இது ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. இதற்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்பதுதான் கேள்வி.

(ஓட்டுகிறவர் தம் தொப்பையில் ஐந்து கிலோ குறைத்தாலும் என்ஜினுக்கு அதே லாபம்தான். அதற்குச் செலவும் இல்லை. ஆனால் அதைச் சொன்னால் யார் கேட்கிறார்கள்?)

தராசை எடுங்கள்

நம் ஊருக்குத் தராசு புதிதல்ல. மாஸ்டர் வீவர் நூல் கொடுக்கும்போது எடை. துணியைத் திரும்ப வாங்கும்போது எடை. கழிவு நூலில் கொஞ்சம் கூடினாலும் கேள்வி வரும். நூலுக்கு இவ்வளவு கணக்குப் பார்க்கும் ஊரில், மோட்டார் சைக்கிளில் மட்டும் எடை போடாமல் கழற்றுகிறார்களே!

கொக்கித் தராசு ஒன்று போதும். கழற்றிய ஒவ்வொன்றையும் தொங்கவிட்டுப் பாருங்கள். முதலில் கம்பெனி கொடுத்ததைத் தொடாதீர்கள். நீங்களே கூடுதலாக மாட்டியதை எடுங்கள்.

முன்னால் இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி விரிந்த கிராஷ் கார்டு. அதில் எக்ஸ்ட்ரா விளக்கு இரண்டு. பின்னால் ஒரு கம்பிக் கூண்டு. முதுகு சாய ஒரு கம்பி. அதன் மேல் கேரியர். இரண்டு பக்கமும் இரும்புப் பெட்டி. பெட்டியைத் திறந்தால் தறியில் கழற்றிப் போட்ட தேய்ந்த நாடா, பழைய ஸ்பேனர், பூட்டுச் சங்கிலி, போன தீபாவளிக்கு வாங்கிய ஏதோ ஒன்று!

ஒரு அங்குலக் கனமுள்ள இரும்புக் குழாய், 2 மில்லி மீட்டர் தடிப்பு என்றால், மீட்டருக்கு ஒரு கிலோவுக்கு மேல் வரும். முன்னும் பின்னும் சேர்த்து நாலைந்து மீட்டர் குழாய் வளைத்து மாட்டியிருந்தால், குழாய் மட்டுமே ஐந்து கிலோ. பட்டைகள், போல்ட்டுகள் தனி. பெட்டிகளும் அதில் உள்ளவையும் தனி. இத்தனையும் காசு கொடுத்து ஏற்றிய கனம். இறக்கக் காசு வேண்டாம். கழற்றியதை விற்றால் காசு வரும்.

காலைக் காப்பாற்றும் என்று நம்பி மாட்டிய சின்ன கார்டு ஒன்று இருந்தால் அது இருக்கட்டும். அலங்காரத்துக்கு மாட்டிய மற்றவற்றுக்கு என்ன வேலை?

அடுத்தது பெட்ரோல். ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ. 13 லிட்டர் டாங்கை நிரப்பினால் ஏறக்குறைய 10 கிலோ. தினமும் பள்ளிப்பட்டுக்கும் திருத்தணிக்கும் நகரிக்கும் போய் வருகிறவருக்கு வழியெல்லாம் பங்க் இருக்கிறது. பாதி டாங்க் போட்டு ஓட்டினால் ஐந்து கிலோ மிச்சம். அதுவும் வண்டியின் உச்சியில் இருக்கிற ஐந்து கிலோ. சந்தில் வண்டியைச் சாய்த்துத் திருப்பும்போது வித்தியாசம் தெரியும்.

பிடித்துக்கொண்ட வண்டி

‘கனம்’ என்று வருகிற வண்டிகளில் பல, உண்மையில் இறுகிப்போன வண்டிகள். எங்கோ ஒன்று பிடித்துக்கொண்டிருக்கிறது. பிரேக் ஷூ உரசுகிறது. செயின் காய்ந்து கிடக்கிறது. டயரில் காற்று பாதிதான் இருக்கிறது. வண்டி தள்ள மாட்டேன் என்கிறது. உரிமையாளர், ‘எடை அதிகம்’ என்று முடிவு கட்டிவிடுகிறார்.

இதைக் கண்டுபிடிக்க மெக்கானிக் வேண்டாம். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் ஏற்றுங்கள். நியூட்ரலில் போட்டுப் பின் சக்கரத்தைக் கையால் சுற்றிவிடுங்கள். நாலு சுற்றாவது தானாகச் சுற்ற வேண்டும். விட்டதும் நின்றால் பிரேக்கோ பேரிங்கோ செயினோ பிடிக்கிறது என்று அர்த்தம். முன் சக்கரத்தையும் அதேபோல் தரையிலிருந்து தூக்கிச் சுற்றிப் பாருங்கள்.

முன் சக்கரம் தூக்கியிருக்கும்போதே இன்னொரு சோதனை. ஹாண்டில்பாரை நேராக வைத்து, லேசாக ஒரு பக்கம் தட்டுங்கள். அது தானாக அந்தப் பக்கம் சாய்ந்துவிட வேண்டும். நடுவில் ‘டக்’ என்று நின்றால் கோன் செட் தேய்ந்திருக்கிறது. சந்தில் வண்டி திரும்ப மாட்டேன் என்பதற்குக் காரணம் அதுதான். 195 கிலோவின் மேல் பழி போடுவது பாவம்!

புது கோன் செட், கிரீஸ், பிரேக் ஷூ, செயினுக்கு எண்ணெய், வாரம் ஒரு முறை காற்று. இவ்வளவும் சேர்ந்து ஒரு நல்ல சைலன்சர் விலைகூட ஆகாது. வேலை முடிந்து வண்டியைத் தள்ளிப் பாருங்கள். ‘இருபது கிலோ குறைந்துவிட்டது’ என்று நீங்களே சொல்வீர்கள். தராசில் போட்டால் ஒரு குண்டுமணிகூடக் குறைந்திருக்காது.

சாரி கார்டு

இனிமேல் சொல்லப் போவது, கொஞ்சம் கோபத்தோடு சொல்வது.

வண்டியை லேசாக்க வருகிற பையன் முதலில் கைவைப்பது எதில் தெரியுமா? பின் சக்கரத்தின் இடது பக்கத்தில் இருக்கும் சாரி கார்டில்! “அது அசிங்கமா இருக்குண்ணே” என்கிறான். அடுத்தது, பின்னால் உட்காருபவர் பிடித்துக்கொள்ளும் கைப்பிடி. அதற்கடுத்து, பின் மட்கார்டைப் பாதியாக அறுப்பது. பெண்கள் கால் வைக்கும் படியும் போகிறது.

இத்தனையும் சேர்ந்து எத்தனை கிலோ? தராசில் போடுங்கள். முன்னால் விரிந்து நிற்கும் கிராஷ் கார்டு ஒன்றுக்கு ஈடாக வந்தாலே அதிகம்.

சுற்றிலும் சேலை நெய்கிற வட்டாரம் இது. ஒரு சேலையின் நீளம் என்ன என்று இங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும். ஐந்தரை மீட்டர் துணி. அதன் முந்தானை காற்றில் பறந்து ஸ்போக்ஸில் சிக்கினால் என்ன ஆகும்? சக்கரம் துணியைச் சுற்றிக்கொண்டு இழுக்கும். வண்டி நிற்பதற்குள் உட்கார்ந்திருப்பவர் தரையில் கிடப்பார். துப்பட்டா என்றால் இன்னும் மோசம். அது கழுத்தில் அல்லவா இருக்கிறது?

எந்தத் தாய் நெய்த காசில் வண்டிக்கு முன்பணம் கட்டினானோ, அந்தத் தாய்தான் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் வருகிறாள். அவள் சேலைக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருந்தது அந்தத் தகடு ஒன்றுதான். அதை அழகுக்காகக் கழற்றிவிட்டு, எடை குறைத்தேன் என்று பெருமை பேசினால் எப்படிப் பொறுப்பது?

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-வது விதி என்று ஒன்று இருக்கிறது. பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி வேண்டும். கால் வைக்க இடம் வேண்டும். உடை சிக்காதபடி பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைப்பு வேண்டும். இந்த மூன்றும் கட்டாயம் என்பது அந்த விதி.

வண்டியின் அமைப்பையே மாற்றினால் அது தனிக் குற்றம். 1988-ம் ஆண்டுச் சட்டத்தின் 52-வது பிரிவு அதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும், கம்பெனி குறிப்பிட்டுப் பதிவான விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. அதே 2019-ல் வந்த திருத்தச் சட்டப்படி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும் விதிக்கலாம். சட்டத்தை அறுத்து ஓட்டை போடுவது, சைடு ஸ்டாண்டை வெட்டுவது, டிஸ்க்கில் துளை போடுவது எல்லாம் அபராதத்தோடு நிற்கிற காரியம் அல்ல. வெட்டிய இடத்தில் விரிசல் விடும். மலை இறங்கும்போதுதான் அது தெரியவரும்.

பந்தயக்காரர்கள் கழற்றவில்லையா?

இப்படிக் கேட்பார்கள் என்று தெரியும். கழற்றினார்கள். நம் திருவள்ளூர் மாவட்டத்துச் சோழவரத்திலேயே கழற்றினார்கள். போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் அங்கே வருடா வருடம் மோட்டார் பந்தயம் நடந்தது. பிறகு 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயப் பாதை வந்தது. அமெரிக்காவிலும் அந்தக் காலத்து இளைஞர்கள் மட்கார்டை வெட்டி, கண்டதைக் கழற்றி ஓட்டினார்கள்.

பந்தயப் பாதையில் இருட்டு இல்லை. ஆகவே விளக்கு வேண்டாம். பின்னால் ஆள் இல்லை. ஆகவே கைப்பிடி வேண்டாம். எதிரே மாட்டு வண்டி வராது. ஆகவே ஹாரன் வேண்டாம். விழுந்தால் ஓடிவர ஆம்புலன்ஸ் பக்கத்திலேயே நிற்கிறது. பொதட்டூர்பேட்டையிலிருந்து நகரிக்குப் போகிற ரோட்டில் இதில் எது இருக்கிறது?

யமஹா ஆர்.எக்ஸ். 100 வண்டியைக் காட்டி வாதாடுபவர்களும் உண்டு. 1985-ல் வந்து 1996 வரை விற்ற அந்த வண்டி இன்றும் நம் பக்கத்தில் ராஜாதான். நூறு கிலோ எடையில் 11 குதிரை சக்தி. சிட்டாய்ப் பறக்கும். ஆனால் அதன் சாரி கார்டைக் கழற்றியதால் அது பறக்கவில்லை. தெள்ளுப்பூச்சி மாதிரி அதுவும் பிறவியிலேயே லேசு.

செலவழித்தே தீருவேன் என்றால்

கூடுதல் சாமான்களை இறக்கியாகிவிட்டது. கிரீஸ் போட்டாகிவிட்டது. இன்னும் கையில் கொஞ்சம் காசு இருக்கிறது என்கிறீர்களா?

முதல் யோசனை: என்ஜின் பக்கத்து ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் குறைவானது. எடை குறையாது. ஆனால் மலை ஏற்றத்தில் வண்டி எடை குறைந்ததுபோல் இழுக்கும். நேர் ரோட்டில் உச்ச வேகம் கொஞ்சம் குறையும். பெட்ரோலும் கொஞ்சம் கூடக் குடிக்கும். மலையும் சந்துமாக ஓட்டுகிறவருக்கு லாபம். சென்னைக்கு ஓட்டுகிறவருக்கு நஷ்டம்.

இரண்டாவது, ரிம். இரும்பு ரிம்மை எடுத்துவிட்டு அதே அளவு அலுமினிய ரிம் போடலாம். சுற்றுகிற எடைக்கு ஒரு விசேஷம் உண்டு. சக்கரத்தின் விளிம்பில் ஒரு கிலோ குறைந்தால், வேகம் எடுக்கும்போது வண்டியில் ஏறக்குறைய இரண்டு கிலோ குறைந்ததற்குச் சமம். ஆனால் ஸ்போக்ஸ் கட்டத் தெரிந்த கை வேண்டும். வளைவு எடுக்கத் தெரியாதவரிடம் கொடுத்தால் சக்கரம் ஆடும். ‘அலாய் வீல்’ என்றால் எல்லாமே லேசு என்று நினைக்க வேண்டாம். வார்ப்பு அலாய் சக்கரங்களில் பழைய ஸ்போக் சக்கரத்தைவிடக் கனமானவையும் உண்டு. கடையிலேயே தராசில் போடச் சொல்லுங்கள். கடைக்காரர் முறைப்பார். பரவாயில்லை.

மூன்றாவது, லித்தியம் பேட்டரி. பழைய ஈய பேட்டரியைவிட இரண்டு மூன்று கிலோ குறையும். விலை பல மடங்கு. வண்டியின் சார்ஜிங் அதற்கு ஒத்துவருமா என்று பார்க்காமல் மாட்டினால் பேட்டரி கெடும். கிலோவுக்கு இவ்வளவு ரூபாய் என்று கணக்குப் போட்டால் இதைவிடப் பட்டு நூல் மலிவு!

சைலன்சரைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. ‘எடை குறைக்கிறேன்’ என்று சொல்லி அதை மாற்றுகிறவர்கள் தேடுவது எடையை அல்ல, சத்தத்தை. தறிச் சத்தத்தில் காது மந்தமான ஊருக்கு இன்னொரு சத்தம் எதற்கு? ராத்திரி ஷிப்டு முடித்துப் பகலில் தூங்குகிறவர் வீட்டு வாசலில் அது வெடித்தால் அவர் என்ன சொல்வார் என்பதை எழுத முடியாது. எழுதினால் எடிட்டர் அடித்துவிடுவார். சத்தத்துக்கும் புகைக்கும் விதிக்கிற அபராதம் 2019-க்குப் பிறகு 10,000 ரூபாய் வரை போகிறது.

ஏற்கெனவே மாற்றிவிட்டவர்கள், கழற்றிய பழைய சைலன்சரைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிட வேண்டாம். சாக்கில் சுற்றிப் பரண் மேல் வையுங்கள். நாளைக்கு வண்டியை விற்கப் போகும்போது, வாங்க வருகிறவர் கிக்கரை மிதிப்பதற்கு முன்பே, “கம்பெனி சைலன்சர் இருக்குதா?” என்றுதான் கேட்பார்.